தனியாகப் பேசுங்கள், சத்தமாகப் பேசுங்கள்

பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் வகுப்பில் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். கடைசிக்கு முந்தின வரிசை, சுவரோரம், பாடம் நடத்துகிறவர் கண் எளிதில் படாத இடம். நான்கு வருஷத்தில் முதல் இரண்டு வருஷம் நானும் அங்கேதான் இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அம்மா தறியில் சேலை நெய்தவர். அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். எலக்ட்ரிகல் பிரிவு. இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டிய வேலை. அந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இரண்டாம் வருஷம், மெஷின்ஸ் லேப் வைவா. வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. டி.சி. சீரிஸ் மோட்டாரை ஏன் லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது? எனக்கு விடை தெரியும். அந்த மோட்டாரில் ஆர்மேச்சரில் ஓடுகிற கரண்ட்தான் ஃபீல்டிலும் ஓடுகிறது. லோடு இல்லாவிட்டால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் காந்தப்புலம் தளரும். புலம் தளர்ந்தால் வேகம் கட்டுக்கடங்காமல் எகிறி, மோட்டாரே சிதறிப்போகலாம். முந்தின நாள் ராத்திரி இதை என் அறைத்தோழிக்குத் தமிழில் விளக்கிச் சொன்னவள் நான்தான். ஆனால் அந்த எக்ஸ்டர்னல் முன்னால் நின்றபோது, 'சார், த கரண்ட்...' என்றதோடு வாய் நின்றுவிட்டது. தலைக்குள் எல்லாம் இருக்கிறது, நாக்குக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, 'படித்துவிட்டு வரவேண்டும் அம்மா' என்று சொல்லி அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டார். அதே கேள்வி தோழிக்கும் வந்தது. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விடையை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. படிக்காதவள் என்று பெயர் வாங்கியதுதான் தாங்கவில்லை.

அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று அந்த விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மொத்தம் நாலைந்து வாக்கியம். சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். எந்த இலக்கணப் புத்தகத்தையும் திறக்கவில்லை, புதிதாக ஒரு சொல்லும் கற்கவில்லை. ஒரு வாரத்தில் அதே விடை ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. தெரிந்த ஆங்கிலமே வாய் வழியாக வெளியே வருவதற்குத் தனியாக ஒரு பழக்கம் வேண்டும் என்பதும், பள்ளிக்கூடத்தில் அந்தப் பழக்கம் ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை என்பதும் எனக்கு அந்த மாடியில்தான் புரிந்தது.

பள்ளியில் ஆங்கிலம் எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு பரீட்சை. டீச்சர் பாடத்தைத் தமிழில் விளக்குவார். பாராகிராஃபை நோட்ஸில் இருந்து மனப்பாடம் செய்து ஒப்பித்து, அப்படியே எழுதுவோம். எங்கள் டீச்சர் நல்லவர். அறுபது பிள்ளைகளைத் தேர்ச்சி பெறவைக்க வேண்டிய கவலை அவருக்கு. ஆனால் கண்ணும் கையும் உழைத்த அளவுக்கு வாய் உழைக்கவே இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் நடத்தும் பள்ளிகள் உண்டு. அங்கே வருஷக்கணக்காகப் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாகத் தேறினார்கள். பேச்சிலோ பிழைகள் போகவே இல்லை. மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் இதை ஆராய்ந்து, காதில் விழுவது மட்டும் போதாது, மாணவர் தாமே மொழியை வெளியே கொண்டுவர வேண்டும் என்று 1985-ல் எழுதினார். பாடங்களையே பிரெஞ்சில் கேட்ட பிள்ளைகளுக்கே அந்த நிலை. அப்படியிருக்க, தினம் ஒரு பீரியட் ஆங்கிலம் கேட்ட நமக்கு வாய் திறக்காததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கள் அம்மா தறியில் உட்கார்ந்த முதல் மாதம் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். எந்த இழை எதன் மேலே போக வேண்டும் என்று அவருக்கு வாயால் சொல்லத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பேச்சும் அப்படித்தான், நாக்குக்கும் உதட்டுக்கும் மூச்சுக்கும் சேர்த்து வரவேண்டிய கைப்பழக்கம். அறுந்த நூலைப் பார்த்து யாரும் சிரிக்காத ஓர் இடம் அம்மாவுக்குக் கிடைத்தது, பாட்டி வீட்டுத் தறிக்குழி. உங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

ஏனென்றால், நம்மை வாய் திறக்கவிடாமல் செய்வது பிழையைவிடக் கேலிதான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசினால், 'என்னடா, பீட்டர் விடுற?' என்பார்கள். பேசாமல் இருந்தால், 'தமிழ் மீடியம், அதான்' என்பார்கள். இரண்டு பக்கமும் அடி. நான் கவனித்தவரை, பீட்டர் விடுகிறாய் என்று கேலி செய்கிறவர்களில் பாதிப்பேர் தங்களுக்கும் வரவில்லையே என்ற பயத்தில் இருப்பவர்கள். அவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. அவர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் பழகுங்கள். மொட்டை மாடி இருக்கலாம், ஊரில் கண்மாய்க்கரை இருக்கலாம், விளையாட்டு நேரம் முடிந்த மைதானம் இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஒரு வழி சொல்கிறேன். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தபடியே பேசுங்கள். நடந்துகொண்டு போனில் பேசுகிறவரை இந்த நாட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் காலத்தில் என்னிடம் போன் இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா, 'யாருட்ட தாயி பேசிக்கிட்டு இருக்க?' என்று கவலையோடு கேட்பார். பாடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

சரி, தனியாக நின்று என்ன பேசுவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். 'மை நேம் இஸ்', 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்று ஐந்து வாக்கியம் சொன்னதும் சரக்கு தீர்ந்துவிடுகிறது. உங்கள் பாடத்தையே பேசுங்கள். இன்று வகுப்பில் நடந்த ஒன்றை, ஒன்றே ஒன்றை, தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் விளக்குங்கள். ஓம் விதி, பால் ஏன் பொங்குகிறது, தோட்டத்துப் பம்புசெட் எப்படித் தண்ணீர் இறைக்கிறது. பாடத்தின் கலைச்சொற்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் காதில் விழுந்திருக்கும்; நீங்கள் சேர்க்கவேண்டியது நடுவில் வரும் சின்னச் சொற்களைத்தான். நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள். உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்பது ஒரு நிமிஷம், புராஜெக்டைப் பற்றிக் கேட்பது பத்து நிமிஷம்.

அடுத்தது நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த விஷயம். 'தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷில் யோசி' என்று எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தமிழில் யோசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. தமிழ் வாக்கியத்தின் அமைப்புத்தான் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது இடிக்கிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'போன வாரம் பெய்த மழையில் இடிந்து விழுந்த பள்ளிக்கூடச் சுவரைப் பார்க்கக் கலெக்டர் வந்தார்.' யார், என்ன செய்தார் என்ற இரண்டும் தமிழில் கடைசியில் வருகின்றன. மழையும் சுவரும் முன்னாலேயே வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் கலெக்டரும் அவர் வந்ததும் முதலில் வரவேண்டும், பிறகு சுவர், பிறகு அது இடிந்தது, பிறகு மழை, கடைசியில் போன வாரம். கிட்டத்தட்டத் தலைகீழ். மனசுக்குள் தமிழ் வாக்கியத்தை முழுதாகக் கட்டி, அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டுப் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். பாதித் தமிழோடு தொடங்கினால் நடுவழியில் நிற்போம். வைவாவில் நான் 'த கரண்ட்' என்று நின்றது அதனால்தான்.

அதற்கு மாற்று, தமிழிலேயே முதலில் உடைத்துக்கொள்வது. போன வாரம் மழை பெய்தது. பள்ளிக்கூடச் சுவர் இடிந்தது. கலெக்டர் வந்து பார்த்தார். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்ல உங்களுக்கு இப்போதே வரும், எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். ஒவ்வொன்றிலும் ஆள் முதலில், செயல் இரண்டாவது, மற்றதெல்லாம் பின்னால். இரண்டு மாதம் இப்படிக் குட்டி வாக்கியமாகவே பேசுங்கள். கேட்கிறவருக்கு அது குறையாகத் தெரியாது. எங்கள் வாடிக்கையாளர்களிடம் இன்றும் நான் இப்படித்தான் பேசுகிறேன். மோட்டார் சூடானது. நாங்கள் நிறுத்தினோம். பேரிங்கைச் சோதித்தோம். அதில் கிரீஸ் இல்லை. இதைவிடத் தெளிவாக எந்த ஆங்கிலப் பள்ளியில் படித்தவரும் சொல்லிவிட முடியாது. 'ஏனென்றால்', 'அதனால்', 'ஆனாலும்' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டு அந்தக் குட்டி வாக்கியங்களைக் கோக்கும் வேலையை நாக்கு பின்னால் தானாகவே செய்யத் தொடங்கும்.

வேகம் கூட்ட ஒரு பயிற்சி உண்டு. கீத் மாரிஸ் என்ற ஆசிரியர் 1983-ல் எழுதியது. சொல்வளம் பற்றி நிறைய எழுதியுள்ள நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் அதைப் பரவலாக்கினார். ஒரே பேச்சை ஒருவரிடம் நான்கு நிமிஷம் பேச வேண்டும். அதையே வேறொருவரிடம் மூன்று நிமிஷத்தில். மறுபடி இன்னொருவரிடம் இரண்டு நிமிஷத்தில். சரக்கு மாறக் கூடாது, நேரம் மட்டும் குறையும். என்ன சொல்வது என்ற கவலை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், மூன்றாவது சுற்றில் சொல்வதில் மட்டும் கவனம் போகிறது. மூன்று ஆள் நமக்கு எங்கே கிடைப்பார்கள்? தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், துணி காயும் கயிறு என்று நான் மூன்று பக்கம் திரும்பிப் பேசியிருக்கிறேன். நான்கு நிமிஷம் முதலில் மலையாகத் தெரிந்தால் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்றும் முக்கியம். ஒரு தடவை மட்டும் பேசிவிட்டுப் புதுத் தலைப்புக்கு ஓடாதீர்கள். தினம் ஒரு புதுத் தலைப்பில் பேசு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் பேசும்போதுதான் பாதை விழுகிறது.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் கூச்சப்படுவது அதற்குத்தான். முதலில், புத்தக ஓரத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா, ரொட்டி சுடுவதா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு ஒலி. நம் எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிடும். அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதைத் தொட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்க்காமல் காதால் பிடியுங்கள்.

நம் நாக்கு தமிழுக்குச் செய்கிற சில நல்ல வேலைகளை ஆங்கிலத்துக்கும் செய்துவிடுகிறது. 'எழு' என்பதை நாம் 'யெழு' என்றும், 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்றும்தான் சொல்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? அதே பழக்கத்தில் 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' ஆகிறது, 'ஓன்லி' என்பது 'வோன்லி' ஆகிறது. சொல் மெய்யில் முடிந்தால் நாம் ஓர் உகரம் சேர்ப்போம்: பஸ்ஸு, டெஸ்ட்டு, லோடு. இந்த மடலில் நானே லோடு என்றுதான் எழுதியிருக்கிறேன். தமிழில் பேசும்போது அது தமிழ்ச் சொல், அப்படியே இருக்கலாம். ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போது மட்டும் அந்த உகரத்தைக் கழற்றிவிடப் பழகுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்லும் வினைகளிலும் இப்படி ஒன்று உண்டு. 'ஸ்டாப்ட்' என்பதை 'ஸ்டாப்பெட்' என்போம். வினைச்சொல் 'ட்' என்றோ அதன் மெல்லிய ஒலியிலோ முடிந்தால் மட்டும்தான் 'ஸ்டார்டெட்' என்பதுபோல் கூடுதலாக ஓர் அசை வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் தூக்கலாக வரும், மற்றவை அமுங்கும். 'எலக்ட்ரிக்' என்பதில் 'லெக்' தூக்கல். அதே குடும்பத்து 'எலக்ட்ரிசிட்டி'யில் தூக்கல் 'ட்ரி'க்கு நகர்ந்துவிடும். அழுத்தம் இடம் மாறினால் கேட்கிறவருக்குச் சொல்லே பிடிபடாது. நாம் பிழையில்லாமல் பேசியும் 'பார்டன்?' என்று கேட்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு நிழல்போல் பின்தொடர்ந்து பேசும் பயிற்சி உதவும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் குரலுக்கு அரை நொடி பின்னால், அவர் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொல்லிக்கொண்டு போவது. பி.பி.சி.யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி இதற்குச் சரியான அளவு. வேகம் அதிகமாக இருந்தால் முக்கால் வேகத்தில் ஓடவிடுங்கள். முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள், போதும். வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எங்களிடம் மோட்டார் வாங்கும் ஜெர்மானியர் ஜெர்மானியராகவே ஆங்கிலம் பேசுகிறார், ஜப்பானியர் ஜப்பானியராகவே பேசுகிறார். கேட்பவருக்குப் புரிந்தால் சரி.

ஆங்கிலம் வரவேண்டுமென்றால் தினம் 'தி இந்து' தலையங்கத்தை வாய்விட்டுப் படி என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை. நானும் ஆறு மாதம் செய்தேன். வாசிப்பு வளர்ந்தது, சொல்வளம் வளர்ந்தது, பேச்சு வளரவில்லை. தலையங்கம் என்பது எழுத்துக்காகக் கட்டப்பட்ட மொழி; அந்த நீள வாக்கியங்களை யாரும் வாயால் பேசுவதில்லை. படியுங்கள், ஆனால் அதைப் பேச்சுப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண் பார்த்து வாய் சொல்வதும், மனசு நினைத்து வாய் சொல்வதும் வேறு வேறு வேலை.

தடுமாறும் நேரத்துக்கென்று சில வாக்கியங்களைத் தனியாகப் பழகிவையுங்கள். நாம் தமிழில் தடுமாறாமலா பேசுகிறோம்? 'வந்து...' என்று இழுக்கிறோம், 'என்னன்னா' என்கிறோம், 'நான் என்ன சொல்ல வர்றேன்னா' என்கிறோம். யாரும் நம்மைத் தமிழ் தெரியாதவர் என்று நினைப்பதில்லை. ஆங்கிலத்திலும் அவற்றுக்கு ஈடு உண்டு. 'த திங் இஸ்', 'வாட் ஐ மீன் இஸ்', 'லெட் மீ புட் இட் திஸ் வே'. சொல் கிடைக்காதபோது மௌனமாக நிற்பதற்குப் பதில் இவற்றில் ஒன்று நாக்கில் தானாக வந்துவிட்டால், அந்த இரண்டு நொடியில் மூளை அடுத்த வாக்கியத்தைப் பிடித்துவிடும். கேள்வி புரியாவிட்டால், 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' இந்த ஒரு வாக்கியத்தை நூறு தடவை சொல்லிப் பழகுங்கள். புரியாமலேயே தலையாட்டிவிட்டு இழந்த வாய்ப்புகள் எனக்கு நிறைய உண்டு. கேட்டிருந்தால் திரும்பச் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் குரலைப் பதிவுசெய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது மனசு சுருங்கும், இது என் குரலே இல்லை என்று தோன்றும். அதற்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் இல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. அதனால் நமக்கு அது கனமாகக் கேட்கிறது. பதிவில் எலும்பு வழி இல்லை, குரல் மெலிந்து கேட்கிறது. தமிழில் பேசிப் பதிவுசெய்தாலும் அப்படித்தான் இருக்கும், செய்து பாருங்கள். ஒரு பதிவில் இருக்கும் எல்லாப் பிழையையும் திருத்தப் போகாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பிழை. 'ஹி கோ' என்று சொல்வது உங்கள் பழக்கமா, இந்த வாரம் 'ஹி கோஸ்' மட்டும்தான் குறி. 'மைசெல்ஃப் இன்னார்' என்று அறிமுகத்தைத் தொடங்குவதா, அடுத்த வாரம் அது. திருத்தாமலேயே பேசிக்கொண்டு போனால் பிழையும் நாக்கில் பதிந்துவிடும். தனியாகப் பழகுவதில் இருக்கிற உண்மையான ஆபத்து இது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஓர் இண்டக்‌ஷன் மோட்டார் கட்டி முடிந்ததும் முதலில் நோ லோடு டெஸ்ட் செய்வோம். எதையும் இழுக்காமல் சும்மா ஓடவிட்டு, எவ்வளவு கரண்ட் எடுக்கிறது, சத்தம் வருகிறதா, அதிர்கிறதா என்று பார்ப்போம். அதில் தேறாததை லோடில் போடமாட்டோம். ஆனால் அதில் தேறியதாலேயே வாடிக்கையாளருக்கு அனுப்பியும் விடமாட்டோம்; லோடு கொடுத்தால் எவ்வளவு சூடாகிறது என்று தெரிய வேண்டும். மாடிப் பேச்சு உங்கள் நோ லோடு டெஸ்ட். தென்னை மரம் குறுக்கே கேள்வி கேட்காது. நீங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வராது. உங்களுக்குப் பழக்கமில்லாத உச்சரிப்பில் பேசாது. இப்போது பேசிப் பழகுவதற்கென்றே கைபேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் அவையும் நீங்கள் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள். அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஆளைப் பிடியுங்கள். உங்களைப் போலவே சுவரோரம் உட்காரும் ஒருவர் போதும். என் விஷயத்தில் அது எங்கள் விடுதிக்கு விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்த ஜூனியர். தினம் ராத்திரி சாப்பிட்டபின் கால்மணி நேரம். எங்களில் யாருக்கும் யாரையும் திருத்துகிற அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவள் 'வொய்?' என்று குறுக்கே கேட்பாள். அந்த 'வொய்'க்குப் பதில் சொல்லித்தான் எனக்குப் பேச்சு உறுதிப்பட்டது.

உங்களில் பலர் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்திருப்பீர்கள். 2021-ல் வந்த சட்டம் அது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் இடம் ஒதுக்கியது, கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. கோட்டாவில் வந்தவர்கள் என்று யாராவது முணுமுணுத்தால் தலையைக் குனியாதீர்கள். நாகர்கோவில் பக்கம் மேலச் சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த கே. சிவன் இஸ்ரோ தலைவரானார். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்து தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008-ல் நிலவுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அடிப்படைக் கணக்கும் இயற்பியலும் தாய்மொழியில் மனசில் இறங்கியவர்கள் நீங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியிலும் தொடங்கியபோது நான் படிப்பை முடித்துவிட்டேன். எனக்கு அந்த வாய்ப்பு இருந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தமிழில் பொறியியல் படிக்க முடியும், படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்பது இன்றைக்கு ஆங்கிலத்தில். அந்த நாற்காலியில் உட்காரும்போது உங்களுக்குத் தெரிந்தது வெளியே வரவேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். தமிழை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். மோட்டாரில் ஏதாவது கோளாறு என்றால் நான் இன்னமும் முதலில் தமிழில்தான் யோசிக்கிறேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். முப்பது நாள் என்று அட்டையில் அச்சடித்த புத்தகங்களை நானும் பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருக்கிறேன். எனக்கு, தினம் இருபது நிமிஷம் என்ற கணக்கில், வைவாவில் தயங்காமல் விடை சொல்ல ஒரு செமஸ்டர் ஆனது. தெரியாத ஒருவரோடு பயமில்லாமல் பேச இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் பரீட்சை வந்தது, காய்ச்சல் வந்தது, இரண்டு மாதம் மாடிக்கே போகாமல் இருந்ததும் உண்டு. திரும்பப் போனபோது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை, விட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தேன். நீங்கள் முதல் வருஷத்தில் இருக்கிறீர்கள். பிளேஸ்மென்டுக்கு இன்னும் மூன்று வருஷம் முழுதாக இருக்கிறது. எனக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். இன்று வகுப்பில் புரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிவை ஓடவிட்டு, இரண்டு நிமிஷம் பேசுங்கள். நடுவில் நின்றால் நின்றபடியே இருங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். முடித்ததும் தேதி போட்டு எடுத்துவையுங்கள். கேட்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், அப்போது கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
கோயம்புத்தூர்